ஐப்பசியில வீடு விக்கது

ஐப்பசி 18, செவ்வாய்

விடிஞ்சதுல இருந்து மழ. கரிசல் மண்ணு ஊறி ஊதிருச்சு. கொல்லக் கதவு நெலயில ஒட்டிக்கிடுச்சு. லேசாத் தூக்கி, இடுப்பால ஒரு இடி இடிச்சாத்தான் தொறக்குது. இடுப்பு இப்ப அது ஒண்ணுக்குத்தான் உதவுது.

மெட்ராஸ்ல இருந்து மகன் போன். வீடு விக்குற வரைக்கும் நான் நகரக் கூடாதாம். ஆளில்லாத வீட்ட அடிமாட்டு வெலைக்குக் கேப்பாகளாம். புதியம்புத்தூர்ல மக செல்வி தையக்கடைக்கு மேல ரூமு ஒழிச்சு, கட்டிலும் போட்டுட்டா. கீழ பொம்பளையாளுக மிஷின் மிதிக்கும். நாள் முழுக்க வாயடிக்கலாம். இங்கன பல்லிகிட்டதான் பேசுதேன். அதுவும் பாதிப் பேச்சுல ஓடிருது.

வாங்கணும்: கீலுக்கு எண்ணெ. வெத்தல. கருப்பட்டி.

ஐப்பசி 20, வியாழன்

லேசா வெயில். புரோக்கர் காசி ஒரு பேங்க்காரரக் கூட்டியாந்தான். பள்ளிக்கூடம் பக்கம், ரேஷன் கட பக்கம், பஸ் ஸ்டாப்பு நடந்தே போயிரலாம்னு ஒப்பிக்கான். ஸ்டாப்பு பக்கந்தான் சார், பஸ்ஸுதான் தூரம்னேன். சிரிச்சாரு. யாராச்சும் சிரிச்சா எனக்குக் கிறுக்கு ஏறிக்கிடும்.

யார் கட்டுன வீடுன்னாரு. கட்டுனது ஒரு போஸ்ட்மாஸ்டர். அவர்ட்ட தீப்பெட்டி ஆபீஸ் கணக்கரு வாங்குனாரு, அவர்ட்ட நான். ரெண்டு வாட்டியும் தை மாசந்தான் கைமாறுச்சு. மழைக்குக் கதவு ஒட்டும், கோடைக்குச் செவரு வெடிக்கும், தையில மட்டும் வீடு புது மாப்பிள்ள மாதிரி நிக்கும்னேன். சிரிப்பு நின்னுபோச்சு. ஆளும் போயிட்டாரு.

காசி மூஞ்சி சுண்டிப்போச்சு. "அண்ணாச்சி, இனி ஆள் வந்தா வாய் நெறைய வெத்தல போட்டுக்கிடும்."

ஐப்பசி 21, வெள்ளி

செல்வி போன். எப்ப வாரீங்கன்னு கேக்கா. என் வாய்தான் வழிமறிக்குன்னு எப்படிச் சொல்ல. ரசம் வச்சேன். உப்பு கூடிப்போச்சு.

ஐப்பசி 23, ஞாயிறு

நல்ல மழ. மஸ்கட்ல வேல பாக்குற ஒருத்தரும் அவரு சம்சாரமும் வந்தாக. என் வாய் நெறைய வெத்தல. மூச்சு விடல.

அந்தம்மா உள்ரூமப் பாக்கப் போச்சு. காத்துல கதவு அடிச்சு ஒட்டிக்கிடுச்சு. புருஷன் தள்ளுதாரு, காசி தள்ளுதான், அசையல. உள்ள அந்தம்மா அழுகுற மாதிரி கேக்கு. இனி எங்க வீடு விக்கன்னு வெத்தலயத் துப்பிட்டு, "தள்ளி நில்லு தாயி, இது எனக்கும் கதவுக்கும் உள்ள பழைய தகராறு"ன்னேன். தூக்கி ஒரு இடி. தொறந்துட்டு.

அந்தம்மா சிரிக்குது. "தாத்தா, வேற எது எதெல்லாம் இப்படி மல்லுக்கு நிக்கும்?" ஒண்ணு விடாமக் காட்டுனேன். செவரு வெடிக்கதையும் சொன்னேன். புருஷன் அந்தம்மாவத் தனியாக் கூப்ட்டுப் பேசிட்டு வந்து, பிடிச்சிருக்குன்னாரு.

பை கட்டியாச்சு. வேட்டி ரெண்டு, ரேடியோ, மாத்திர. செல்விகிட்ட ரெண்டு தலகாணி போடச் சொன்னேன். மூணாப் போடுதேன்னா.

ஐப்பசி 24, திங்கள்

மகன் போன். எல்லாம் பேசி முடிஞ்சுதாம்.

"அவிய மஸ்கட்ட விட்டு வர நாலஞ்சு வருசம் ஆகுமாம்ப்பா. அதுவரைக்கும் நீங்க அங்கனயே இருந்து பாத்துக்கிட்டாத்தான் வாங்குவாகளாம். அந்த வீட்டுப் பக்குவம் உங்களுக்குத்தான் தெரியுமாம்லா. சரின்னுட்டேன்."

செல்விக்கு இன்னும் சொல்லல. ரெண்டு தடவ கூப்ட்டுட்டா. எடுக்கல.

மத்தியானத்துக்கு மேல மழ புடிச்சுக்கிடுச்சு. பை வாசப்பக்கம்தான் இருக்கு. இதுவரைக்கும் வாசக்கதவு ஒட்டுனதே இல்ல. இன்னைக்கு ஒட்டிக்கிடுச்சு.

இடிக்கல.