கல்லுப் பந்தலும் உன் வெறுங்காலும்

இன்று பிற்பகல் மழையில் கரண்ட் போய்விட்டது. அலமாரியில் துழாவியபோது, நீ இங்கிலாந்து மாதா கோயிலில் வாங்கிவந்த மெழுகுவர்த்தி கையில் பட்டது. ஏற்றியதும் வீடெல்லாம் தேன் வாசம். உடனே எனக்கு வயிறு எரிந்தது. நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த எரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

அந்த மாதா கோயில் எனக்குச் சேர வேண்டியது. இங்கே நம் ரந்தாவ் எஸ்டேட் சிற்றாலயத்தில் ஞானஸ்நானம் வாங்கியவள் நான். காலண்டரில் அதன் படத்தைப் பார்த்த நாளிலிருந்து, கிடைத்ததையெல்லாம் படித்தவளும் நான்தான். எண்ணூறு, தொள்ளாயிரம் வருடத்துக் கட்டடம். ஒரு பக்கத்து வளைவுகள் அரைவட்டம், எதிர்ப்பக்கத்தில் கூர்முனை. கட்டி முடிப்பதற்குள் தலைமுறைகள் மாறி, கட்டும் முறையே மாறிவிட்டது என்று உனக்குச் சொன்னேன். கடைசியில் போனது யார்? மாரியம்மனுக்கு மாவிளக்கு போடும் நீ! மகனுக்கு அங்கே வேலை, உனக்கு டிக்கெட்.

திரும்பிய அன்றே என் வீட்டுக்கு ஓடிவந்தாய்.

"வாசல்லயே சப்பாத்தைக் கழட்டிட்டேன்டி. காவக்காரரு வேணாம்னு கைய ஆட்டுறாரு. சாமி இருக்கற எடம் லா, எப்படி சப்பாத்தோட போறது?"

குளிர்காலத்தில், எல்லாரும் பூட்ஸோடு நடக்க, நீ மட்டும் வெறுங்காலோடு அந்தக் கல்தரையில் நடந்திருக்கிறாய். கல்லில் பெயர்கள் இருந்ததைப் பாதி வழியில்தான் கவனித்தாயாம். கீழே ஆட்களைப் புதைத்திருக்கிறார்கள் என்று மகன் சொன்னதும் பதறிக் குனிந்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாயாம்.

கூரை எப்படி என்று கேட்டேன். "கல்லுலயே பந்தல் போட்டு வச்சிருக்கானுங்கடி" என்றாய். நான் படித்த எதிலும் இப்படி ஒரு வரி இல்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன். "சரி, காப்பி ஆறுது, குடி" என்று பேச்சை மாற்றினேன்.

போன வாரம் உன் மகன் போன் செய்தான். "ஆன்ட்டி, அம்மா உங்களைக் கூட்டிட்டு வரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. டிக்கெட் நான் போடறேன், வாங்க லா."

சரி என்றுவிட்டேன். முட்டி வலித்தாலும் போவேன். நானும் வாசலில் சப்பாத்தைக் கழற்றத்தான் போகிறேன். இதிலெல்லாம் உனக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

ஆனால் நீ பார்த்துவிட்டு ஓடிவந்து சொல்ல நான் இருந்தேன். நான் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து யார் வீட்டுக் கதவைத் தட்டுவேன்? அதிலும் நீதான் கொடுத்துவைத்தவள். பொறாமையாகத்தான் இருக்கிறது, போடி.