இருபத்திரண்டு முட்டைகள்

ஃபிரிஸ்கோ நகர வீட்டில் ரஞ்சித்குமார் ஐந்து மாதமாகப் பச்சோந்தி முட்டைகளை ஒரு டப்பாவில் இளஞ்சூட்டில் குஞ்சு பொரிக்க வைத்திருந்தான். முட்டையிட்ட மறுவாரமே தாய்ப் பச்சோந்தி செத்துப்போனதால், அந்த இருபத்திரண்டுதான் அவனுக்கு மிச்சம். நேற்றுப் பார்த்தபோது அத்தனையும் சுருங்கிப் பூஞ்சை பிடித்திருந்தன. "என் தப்புதான், சூட்டை அதிகமா வச்சுட்டேன்" என்று தாயின் காலிக் கூண்டு முன் உட்கார்ந்து நாள் முழுக்கப் புலம்பினான்.

இன்று காலை மனைவி தாமரைச்செல்வி ஆபீஸ் கிளம்பும்போது, அவன் எழுந்ததும் கண்ணில் படும்படி ஃபிரிட்ஜில் ஒரு சீட்டு ஒட்டினாள்.

"ரசம் இருக்குதுங்க, மைக்ரோவேவ்ல சூடு பண்ணிக்கங்க. மூணு மணிக்கு ஏசி ரிப்பேர் பண்ண ஆள் வருவாரு. கராஜ் ரிமோட் டிராயர்ல இருக்குது."

கதவு வரை போனவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்.

"போன மாசம் நீங்க ஊர்ல இல்லாதப்போ, கை தவறி அந்த டப்பாவைக் கவுத்துட்டேன். முட்டையைப் புரட்டவே கூடாது, உள்ள குஞ்சு செத்துடும்னு நீங்க சொல்லியிருந்தீங்க. பொறுக்கி அடுக்கி வச்சுட்டு, உங்ககிட்ட சொல்லாம மறைச்சுட்டேன். காலிக் கூண்டு முன்னாடி உக்காந்து உங்களை நீங்களே திட்டிக்காதீங்க. என்னைத் திட்டுங்க. ஆறு மணிக்கு வந்துடுவேன்."