குப்பைமேட்டுக்குப் பூட்டு

2006, ஆடி வெள்ளி, இரவு.

கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கு இன்று வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். குப்பைக்குள் ஊறும் மீத்தேன் வாயுவைப் பிடிக்கப் பல நாடுகள் சேர்ந்து போட்ட திட்டமாம். கூட வந்த அதிகாரி சொன்னார். தீ தானாகப் பிடிக்கிற இடம் எது என்று கேட்டார்கள். என்னோடு குப்பை பொறுக்கும் கலா, பெருமையாக ஒவ்வோர் இடமாகக் காட்டினாள். சாயங்காலத்துக்குள் அங்கெல்லாம் குழாய் இறக்கி, மூடி போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

"நாம ஒயர் கொளுத்தி செம்பு எடுக்குற எடத்தயெல்லாம் ஏன்டி காமிச்ச?" என்றேன்.

"இன்னாக்கா, காத்தத்தானே எட்த்துகினு போறாங்கோ, போவட்டுமே" என்று சிரித்தாள்.

இந்தப் புகையில் நாங்கள் இருமிச் சாகும்போது ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. வெறும் காற்றுக்காகவா கடல் தாண்டி வருவார்கள்? இன்றைக்குக் குழாய்க்குப் பூட்டு. நாளைக்கு வேலி போட்டு, கேட்டுக்கும் பூட்டு. என் வீட்டுக் கதவுக்கே பூட்டு கிடையாது, குப்பைக்கு வந்துவிட்டது.