பேய் மன்னித்த காட்சி

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நலம் விசாரிப்பதை இம்முறை விட்டுவிடுகிறேன். உன் படத்தின் முன்னோட்டக் காட்சியில் உன்னை மிக நலமாகவே கண்டேன்.

உரிமை வாங்கி நீ தழுவிய அயல்நாட்டுப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். அதில் பேய்க்கு முன்கதை இல்லை. யார்மீதும் தனிப்பகை இல்லை. குடிவந்தவர்களை அழிக்கிறது, அவ்வளவுதான். நீ அதற்கு விரித்த கூந்தலையும், பயந்து உளறும் சமையற்காரனையும், மந்திரவாதியையும், புகுந்த வீட்டில் எரிந்த கதையையும் கொடுத்தாய். அதுவரை எனக்கு மறுப்பில்லை. நம் பேய்கள் அப்படித்தான். ஆனால் பேய்க்கு நீ வைத்த, விரல் மடங்காத அந்த இடது கை யாருடையது? பேய் பேசும் "அங்க திரும்பப் போனா செத்துருவேன்டா" என்பதை நிஜத்தில் உன்னிடம் சொன்னது யார்?

கொதிக்கும் எண்ணெயில் வெந்த கையோடு உன் அக்கா பிறந்த வீட்டுக்கு வந்தபோது நான் வெளிநாட்டில் இருந்தேன். மறுநாளே அவளைக் காரில் ஏற்றிக் கணவனிடம் விட்டுவந்தவன் நீ. தானே தப்பி வந்து இன்று என்னோடு உயிருடன் இருப்பவளைப் படத்தில் கொன்றிருக்கிறாய். படத்தில் வரும் தம்பியோ பாவம், தாமதமாக வந்து கதறுகிறான். பேய் அவன் தலையை வருடி மன்னித்துப் புகையாய்க் கரைகிறது.

அந்தக் காட்சியை நீக்கு.

அண்ணன்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோவம் தணிஞ்சதும் படிங்க. அந்த ஊர்க்காரங்களுக்குக் காரணமே இல்லாத பேய்தான் பயம். நம்ம ஜனங்க அப்படியா? "ஏம்மா, உன்னை யாரு என்ன பண்ணாங்க?"ன்னு பேய்கிட்டயே கேப்பாங்க. சொல்லி முடிச்சதும் அது சாந்தமாகணும். இல்லேன்னா தியேட்டர்ல சீட்டைக் கிழிச்சிருவாங்க. இது தொழில்ணா, மனசுல வச்சுக்காதீங்க.

வெள்ளிக்கிழமை ரிலீஸ். ரெண்டு டிக்கெட் வச்சிருக்கேன். வேலையெல்லாம் முடிஞ்சதும் நேர்ல வந்து அக்காகிட்ட பேசுறேன். நானாச்சு.

உங்கள் தம்பி

பிப்ரவரி 15

தம்பிக்கு,

படத்துக்குப் போக வேண்டாமென்று நான் தடுத்தும் உன் அக்கா கேட்கவில்லை. "உயிரோட இருக்கும்போதே பேயாகுற பாக்கியம் யாருக்குண்ணா கிடைக்கும்? கிளம்புங்க" என்றாள்.

சமையற்காரன் உளறியபோது அரங்கத்தோடு சேர்ந்து சிரித்தாள். முன்கதையின்போது பக்கத்து இருக்கைப் பெண் விம்மி அழுதாள். உன் அக்கா என் காதருகே சொன்னாள்: "செத்து வந்து சொன்னா எல்லாரும் நம்புறாங்கண்ணா."

மன்னிப்புக் காட்சியில் எழுந்து வெளியே நடந்துவிட்டாள். காரில் அமர்ந்ததும் கேட்டாள்: "நான் மன்னிச்சுட்டேன்னு அவனுக்கு யாரு சொன்னா?"

ரசிகர்களைக் காரணம் காட்டாதே. நீ மாற்றியவற்றுள் மற்ற அனைத்தும் அவர்களுக்காக. இது ஒன்று உனக்காக.

பேச வருவதாக எழுதியிருக்கிறாய். வராதே. வந்தால் கதவு திறக்கப்படாது. முடிவு அவளுடையது, எழுதுவது மட்டும் நான்.

அவளுடைய அண்ணன்