கேட்டால் முழு வண்டி

பிப்ரவரி 26, புதன்

டீசல் மறுபடியும் ஏறிவிட்டது. பங்க்கில் இருக்கும் பெண் பலகையில் விலையை மாற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கென்ன, ஸ்கூட்டி வைத்திருக்கிறாள். நான் வைத்திருப்பது நீல நிறத்தில் ஒரு பூதம். பின்னால் எதிரெதிராக இரண்டு பலகை, அதில் பத்துப் பேர், படியில் தொங்க இன்னும் இரண்டு பேர். என் புருஷன் ரயோங்கில் இன்னொருத்தியோடு குடித்தனம் போனபோது விட்டுவிட்டுப் போன ஒரே உருப்படியான பொருள் இந்த சொங்தேவ் வண்டிதான். அந்த மட்டுக்கு நல்ல மனுஷன்.

கடற்கரைச் சாலையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கை காட்டினார்கள். வண்டி காலியாக இருந்தது. அந்த அம்மாள் ஜன்னலில் தலையை நீட்டி, "எவ்வளவு?" என்றாள். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டாள். கேட்டால் முழு வண்டி வாடகை. இருநூறு பாட் என்றேன். வாயைத் திறக்காமல் பின்னால் ஏறி, இடம் வந்ததும் மணியை அழுத்தி, இறங்கி என் ஜன்னலில் ஆளுக்குப் பத்து பாட்டை நீட்டிவிட்டு நடந்திருந்தால் கதை முடிந்தது. இந்த ஊரில் நாய்க்குக்கூடத் தெரிந்த விஷயம். நானா போய்ச் சொல்லிக்கொடுக்க முடியும்? சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார்கள்.

சாயங்காலம் தவோனிடம் சொன்னேன். சந்தைக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருக்கிறார். மனைவி தவறிப் பல வருஷம் ஆகிறது. காலையில் கோயில் முனையில் ஏறிக் கடை வாசலில் இறங்குவார், சாயங்காலம் அதே வழியாகத் திரும்புவார். என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திறப்பை ஒட்டித்தான் அவர் இடம். மணியை இரண்டு தரம் அழுத்துவார். ஒன்று வண்டிக்காம், ஒன்று என் காதுக்காம்.

"பாவம் அந்தம்மா. உன்கிட்ட எதைக் கேட்டாலும் முழுசாத் தலையில கட்டிடுவியே, லம்யாய்" என்று சொல்லிவிட்டு, பத்து பாட் நாணயத்தை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாள்கூட எவ்வளவு என்று கேட்டதில்லை. கேட்க அவர் என்ன வெளியூரா.

மார்ச் 3, திங்கள்

டீசல் இன்னும் ஐம்பது சதாங், அதாவது அரை பாட், ஏற்றம். வெள்ளிக்கிழமை ஓட்டுநர் சங்கக் கூட்டம். கட்டணத்தை உயர்த்த வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், எழுந்து நின்று சொல்லத்தான் ஆள் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

எழுந்து நின்றது நான்தான். வேறு யார்.

காலையில் நான்கு இளைஞர்கள் காற்றடித்த ரப்பர் வாத்து ஒன்றோடு ஏறினார்கள். வாத்து நின்றால் கூரை இடிக்கிறது என்று அதைப் பலகையில் படுக்க வைத்தார்கள். கடலில் குளித்த ஈரம் வேறு. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினார்கள். வாத்துக்குக் காசு தரவில்லை. அந்த எரிச்சல் தீராமல்தான் கூட்டத்துக்குப் போனேன்.

"ரெண்டு நிறுத்தம் போறதுக்கு ஏறி, பலகை பூரா அடைச்சுக்கிறாங்க பாருங்க, அவங்களாலதான் நமக்கு நஷ்டம். நடந்து போற தூரத்துக்கு எதுக்கு வண்டி? பதினஞ்சு ஆக்குங்க, அப்பவாவது நடப்பாங்க."

கை தட்டினார்கள். வரிசையில் எனக்கு அடுத்த வண்டியை ஓட்டும் உத்தாய், வயிறும் வாயும் ஒரே அளவில் வளர்ந்த ஆள், விசில்கூட அடித்தான். திங்களிலிருந்து பதினைந்து.

மார்ச் 10, திங்கள்

முதல் நாள். பாதிப் பேர் பழைய பத்தை நீட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். பப்பாளி சாலட் விற்கும் ஜியாப் பத்து பாட்டோடு ஒரு பச்சை மாங்காயைச் சேர்த்து ஜன்னலில் வைத்தாள். "கூட அஞ்சுக்கு இது சரியாப் போச்சுக்கா" என்றாள். மாங்காய் புளிப்பு. அதிலும் நஷ்டம்.

கோயில் முனையில் தவோன் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

இன்றும் இல்லை. காய்ச்சலாக இருக்கும். இந்த வெயிலில் யாருக்குத்தான் இல்லை.

மார்ச் 13, வியாழன்

காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்து போகிறார். ஹார்ன் அடித்தேன். திரும்பவில்லை. மெதுவாகக் கூடவே ஓட்டினேன். குடையை என் பக்கமாகச் சாய்த்துக்கொண்டார்.

ஐந்து பாட்டுக்காக. ஐந்தே ஐந்து பாட்டுக்காக ஒரு மனுஷன் இந்த வெயிலில் நடப்பானா? இவ்வளவு கருமி என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே. நடக்கட்டும். தொப்பை குறையும்.

(அவருக்குத் தொப்பை கிடையாது.)

மார்ச் 17, திங்கள்

பிளா சாப்பிட வந்திருந்தாள். என் ஒரே மகள், ஓட்டலில் வரவேற்பில் நிற்கிறாள். யார் வந்தாலும் சிரிக்க வேண்டிய வேலை, அதனால் வீட்டுக்கு வந்தால் சிரிக்காமல் கிண்டல் செய்வாள்.

"ஏம்மா, சூப்புல உப்பே இல்ல?"

"டீசல் ஏறிடுச்சு."

"உப்பு என்ன டீசல்லயா வருது? சலூன்காரர் வண்டியில ஏறலன்னு சொல்லு."

யார் சொன்னார்கள் இவளுக்கு? ஊரே பார்த்திருக்கிறது போலிருக்கிறது. குடையைச் சாய்த்ததையும் பார்த்திருப்பார்கள்.

மார்ச் 21, வெள்ளி

அநியாயத்தைக் கேளுங்கள். யாரைக் கேட்கச் சொல்கிறேன், எனக்கு நானே எழுதிக்கொண்டு. சலூன் வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. "முடிவெட்ட நூறு பாட். சொங்தேவ் ஓட்டுநர்களுக்கு ஐந்து பாட் அதிகம். காரணம்: டீசல்."

உத்தாய் உள்ளே போய்ச் சண்டை போட்டிருக்கிறான். "கத்தரிக்கோல் டீசல்லயா ஓடுது?" என்று கேட்டானாம். "கத்தரிக்கோல் கையில ஓடுது. கை உடம்புல ஓடுது. அந்த உடம்பு இப்ப நடந்துல்ல வருது" என்றாராம் தவோன்.

நியாயமாகப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தேன். அப்புறம் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 28, வெள்ளி

ஓட்டுநர்கள் யாரும் தவோன் கடைக்குப் போவதில்லை என்று முடிவாம். வெயில் காலம், பண்டிகை வருகிறது, எல்லார் தலையும் காடாக வளர்ந்து கிடக்கிறது. உத்தாய்க்கு அவன் பெண்டாட்டி வீட்டிலேயே வெட்டிவிட்டிருக்கிறாள். ஒரு பக்கம் காது தெரிகிறது, மறு பக்கம் தெரியவில்லை. தொப்பியோடு ஓட்டுகிறான். பயணிகள் இறங்கி அவன் ஜன்னலுக்குப் போய்க் காசு கொடுக்கும்போது ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

தவோன் இன்னும் நடக்கிறார்.

ஏப்ரல் 2, புதன்

இன்று எழுதுவதற்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மத்தியானம் சந்தை நிறுத்தத்தில் உத்தாய் தேங்காய் ஐஸ் தின்றுகொண்டே சொன்னான். "எல்லாம் உன்னால வந்த வினைதான்க்கா. கூட்டம் முடிஞ்ச மறுநாள் நான் முடிவெட்டப் போனேன். ரெண்டு நிறுத்தம் ஏறுறவங்களாலதான் நஷ்டம், அவங்க நடக்கட்டும்னு லம்யாய் அக்கா வெளுத்து வாங்கிடுச்சுன்னு சொன்னேன். மனுஷன் கத்தரிக்கோலைக் கீழ வச்சிட்டாரு. பாதித் தலையோட அரை மணி நேரம் உக்காந்திருந்தேன்."

கோயில் முனையிலிருந்து சலூன் இரண்டே நிறுத்தம். எனக்கு அது தோன்றவே இல்லை. இத்தனை வருஷமாக ஏற்றி இறக்குகிறேன், எண்ணிப் பார்த்ததே இல்லை. நான் வாத்தைச் சொன்னேன். சத்தியமா அந்த வாத்தைத்தான் சொன்னேன்.

அதோடு விட்டானா. "அதுவும் அவரு எங்க வண்டியில எல்லாம் ஏற மாட்டாருக்கா. நான் போய் நின்னா குனிஞ்சு செருப்பைச் சரி பண்ணுவாரு. உன் வண்டி வர்ற வரைக்கும் நிப்பாரு. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. எனக்கெப்படித் தெரியும்? நான் வரும்போதெல்லாம் அவர் அங்கே நிற்பார். நான் வரும் நேரத்துக்குத்தான் அவரும் வருகிறார் என்று நினைத்திருந்தேன். நடந்தே போயிருக்கக்கூடிய தூரத்துக்கு ஒருத்தர் வருஷக்கணக்கா வந்த வண்டியையெல்லாம் விட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்தாரா? நான் என்ன கண்ணை வீட்ல வச்சிட்டா ஓட்டிக்கிட்டிருந்தேன்?

ஏப்ரல் 3, வியாழன்

கோயில் முனையைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார். வண்டியைக் குறுக்கே நிறுத்தினேன். பின்னால் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள்.

"ஏறுங்க" என்றேன்.

"வேணாம்மா. ரெண்டு நிறுத்தத்துக்கு ஏறினா உனக்கு நஷ்டம்."

குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். குத்தலாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். "அம்மா" வேறு. எப்போதிலிருந்து நான் அவருக்கு அம்மா?

பின்னால் யாரோ மணியை அழுத்தினார்கள். போக வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 5, சனி

சண்டை வேண்டுமானால் எத்தனை வேண்டுமானாலும் போடுவேன். மன்னிப்புக் கேட்கத்தான் எனக்கு வராது. புருஷன்கிட்டயும் கேட்டதில்ல, அவன் கேட்டும் நான் குடுத்ததில்ல. இப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவேன்? போய் என்னன்னு சொல்வேன் — ஐயா நீங்க வாத்து இல்லைன்னா?

அந்தத் திறப்புப் பக்கம் இப்போது யாராவது வந்து உட்கார்ந்தால் எரிச்சலாக இருக்கிறது. இன்று ஒரு பெரிய மனிதர் அங்கே உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டார். அவர் இறங்கும்வரை வேகத்தடை ஒன்றையும் நான் விடவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

டீசல் ஒரு பாட் குறைந்திருக்கிறது. கட்டணம் குறையாது. ஏறியது இறங்காது என்கிறான் உத்தாய், அவன் வயிற்றைத் தடவிக்கொண்டே.

ஏப்ரல் 9, புதன்

போய்விட்டேன்.

கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வண்டியை எதிரே நிறுத்தினேன். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆண்கள் முடிவெட்டும் நாற்காலி. தவோன் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"என்ன செய்யணும்?"

"ஓட்டுநருக்கு என்ன செய்வீங்களோ அதைச் செய்யுங்க."

துணியைப் போர்த்தினார், தண்ணீர் தெளித்தார், வெட்ட ஆரம்பித்தார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்காமல் பவுடர் டப்பாவைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நாலு இளைஞர்கள், ஈரம், வாத்து, அதைப் படுக்க வைத்தது, அதற்குக் காசு தராதது. "உங்களைச் சொல்லணும்னு என் புத்தியிலகூட வரல. உங்களை நான் பயணியா நினைச்சதே இல்ல" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

சீப்பை எடுத்து என் பின்னந்தலையை வாரினார்.

"வாத்து என்ன நிறம்?" என்று கேட்டார்.

"மஞ்சள்."

"ம்."

அவ்வளவுதான். எழுந்து, எவ்வளவு என்று கேட்காமல், நூற்றைந்து பாட்டை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். வாசல் தாண்டும்போது பின்னால் ஏதோ சத்தம். இருமினாரா சிரித்தாரா தெரியவில்லை.

முடி நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

கோயில் முனையில் இல்லை. நடந்தும் போகவில்லை. கடை மூடியிருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்றும் மூடல். பண்டிகைக்கு ஊருக்குப் போயிருப்பார். போகிறவர் சொல்லிவிட்டா போவார், நான் யார். பிளா போன் செய்து உப்பு போட்டாயா என்று கேட்டாள். வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு. சொங்க்ரான், தண்ணீர் ஊற்றும் புத்தாண்டு

காலையில் சந்தை நிறுத்தத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லார் மேலும் ஏற்கெனவே ஒரு வாளித் தண்ணீர் விழுந்திருந்தது. உத்தாய் எனக்குப் பின்னால், தொப்பியிலிருந்து சொட்டச் சொட்ட. அப்போதுதான் தவோன் வந்தார். பூப்போட்ட சட்டை, கழுத்தில் பவுடர், கையில் மல்லிகை மாலை. பின்பக்கம் போகவில்லை. நேராக என் ஜன்னலுக்கு வந்து குனிந்தார்.

"எவ்வளவு?" என்றார்.

உத்தாய் ஐஸ் சப்புவதை நிறுத்திவிட்டான். பப்பாளி இடிக்கும் ஜியாப்பின் உலக்கைச் சத்தமும் நின்றது. எவ்வளவு என்று தவோன் கேட்கிறார்.

"எங்க போகணும்?"

"சத்தாஹீப். எங்க அக்கா வீடு. கையில தண்ணி ஊத்தி ஆசி வாங்கணும்."

"அதுக்குப் பஸ் இருக்கே. ஒத்தை ஆளுக்கு எதுக்கு முழு வண்டி?"

"ஒத்தை ஆளுன்னு யார் சொன்னா? நேத்து முந்தாநாளெல்லாம் அங்கதான் இருந்தேன். ஆளைக் கூட்டிட்டு வா, அப்புறம் ஆசி தர்றேன்னு திருப்பி அனுப்பிட்டா."

என்ன சொல்வது என்று தெரியாதபோது என் வாய் தானாக விலை சொல்லும். "முந்நூறு" என்றேன்.

"வெள்ளைக்காரங்க விலை" என்று சொல்லிவிட்டு முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். உத்தாய் ஹார்னில் வைத்த கையை நாங்கள் திரும்பும்வரை எடுக்கவில்லை.

வழியெல்லாம் தண்ணீர் அடித்தார்கள். தவோன் குடை எடுத்து வரவில்லை. அவர் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் கையில் தண்ணீர் ஊற்றும்போது, "ரெண்டு நிறுத்தத்துக்கு எதுக்குடா வண்டின்னு இவன்கிட்ட அப்பவே கேட்டேன், பதிலே சொல்லல" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, முகமெல்லாம் ஏற்கெனவே ஈரம்.

முந்நூறையும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். டீசல் என்ன சும்மாவா வருகிறது.

ஏப்ரல் 21, திங்கள்

டீசல் ஒரு பாட் ஏறுகிறதாம். வெள்ளிக்கிழமை மறுபடி கூட்டம். நீ பேசுகிறாயா அக்கா என்று உத்தாய் கேட்டான். இந்தத் தடவை நீயே எழுந்து நில் என்றேன். அவன் தலை இப்போது இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது. சலூனில் தொங்கிய பலகையைத் தவோன் கழற்றிவிட்டார்.

காலையில் கோயில் முனையில் தவோன் முன்கதவைத் திறந்து ஏறினார். கடை வாசலில் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு நடந்தார். காசு கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.