வேடந்தாங்கல் வரை, நடந்தே

ஜனவரி 14, புதன். போகி.

கோவளம். காலை 5.50. ஊரெல்லாம் புகை. பாய், டயர் எரிகிற நாற்றம். கண் எரிச்சல். கடற்கரையில் மட்டும் மூச்சு விட முடிந்தது.

பை 14 கிலோ. மூன்று முறை நிறுத்துப் பார்த்தாயிற்று. டென்ட், தூங்கும் பை, சின்ன அடுப்பு, அவல், ரவை, பேரீச்சை, முட்டிக்கு மாட்டுகிற நீகேப் இரண்டு, தைலம், பவர் பேங்க். ஸ்காட்லாந்துக்கென்று நான் போட்ட அதே பட்டியல். கம்பளிச் சட்டை மட்டும் இல்லை.

என் வீட்டுக்காரர் மோசஸ் செங்கல்பட்டிலிருந்து வேனில் கொண்டுவந்து விட்டார். நான் இறங்கும்போதுதான்: "அஞ்சு நாளு நடந்து போயி ஒருத்தன திட்டணுமா எஸ்தர்? போன்லயே திட்டேன்."

"போன்ல திட்னா கட் பண்ணிடுவான்."

"முட்டி தாங்குமா?"

"தாங்கும்."

"இன்னாவோ பண்ணு." பையைத் தூக்கி மாட்டிவிட்டார். நல்ல மனுஷன்.

மாமல்லபுரம் வரை மணலில். தண்ணீர் ஓரம் கெட்டி மண், நடக்க வசதி. நெம்மேலிப் பக்கம் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அம்மா என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா மா, வூட்ல சண்டையா?"

"இல்ல மா. சும்மா நடக்கறேன்."

"சும்மா யாரு மா இம்மாம் பெரிய மூட்டைய தூக்கினு நடப்பாங்க? புருசன் குடியா?"

இல்லை என்று சொல்லியும் நம்பவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள்.

மாலை. மாமல்லபுரம், சர்ச் வளாகத்தில் டென்ட். வலது முட்டி லேசாகச் சூடு. தைலம்.

எதற்கு நடக்கிறேன் என்று எழுதி வைக்கிறேன். நடுவழியில் கோபம் ஆறிவிடக்கூடாது. அவன் முழுப்பெயர் இந்த நோட்டில் கிடையாது. ர. போதும். எங்கள் நடைக்குழுவின் தலைவன். கூடுவாஞ்சேரி, ஐ.டி. வேலை.

ஸ்காட்லாந்தின் வடக்கு முனை வரை ஆள் நடமாட்டமில்லாத பாதை. இருபது நாள் நடை. இரண்டு வருஷம் உட்கார்ந்து மேப் வரைந்தது நான். எங்கே ஆறு கடப்பது, எங்கே சாப்பாடு வாங்குவது எல்லாம் என் கையெழுத்து. அவனும் நானும் போவதாகப் பேச்சு. பிறகு அவனுக்குத் தனியாகப் போக ஆசை வந்தது. தனியாகப் போனால்தானே பெயர்.

ஆகஸ்டில் ஜவ்வாது மலை. எட்டுப் பேர். இறங்கும்போது பாறை வழுக்கி என் முட்டி திரும்பிக்கொண்டது. "உக்காருங்க மேடம், கீழ போயி ஆள் கூட்டினு வரேன்" என்றான். போகும்போது டார்ச்சையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டான். மழை. போன் நனைந்து அணைந்துவிட்டது. ஐந்து மணி நேரம். யாரும் வரவில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே, கையை ஊன்றி, சறுக்கிச் சறுக்கி இறங்கினேன். கீழே டீக்கடையில் ஏழு பேரும் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் குரூப்பில் போட்டான்: 'ஒருவரின் உடல்தகுதிக் குறைவால் பயணம் பாதியில் நின்றது.' அது பெற்றோர் யாரோ வழியாக ஹெச்.எம். வரை போனது. இருபது வருஷமாக நான் விளையாட்டு ஆசிரியை. பிள்ளைகளை முகாமுக்கு அழைத்துப் போகிற பொறுப்பு என்னிடமிருந்து போயிற்று. "ரெஸ்ட் எடுங்க டீச்சர்" என்றார் ஹெச்.எம்.

ஞாயிறு வேடந்தாங்கலில் ர.வுக்கு வழியனுப்பு. பயணம் ஜூனில்தான், சால்வை பொங்கல் லீவிலேயே. குழு மொத்தமும் வரும். நானும்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்.

நல்ல வெயில். கால் விரலில் கொப்புளம் ஒன்று. ஊசி குத்தி நீர் எடுத்தாயிற்று.

சர்ச்சுக்கு எதிர்வீட்டில் பொங்கல் கொடுத்தார்கள். முந்திரி நிறைய. இன்றைக்கு உளிச்சத்தம் இல்லாமல் மாமல்லபுரம் வேறு ஊர் மாதிரி இருந்தது.

கடற்கரையில் போலீஸ்காரர், ஸ்கூட்டரை நிறுத்தி: "எங்க மா தனியா?"

"வேடந்தாங்கல் சார்."

"பஸ்ஸு கீதே."

"நடந்துதான் சார் போணும்."

"வேண்டுதலா?"

"ஆமா சார்." பொய்யில்லை.

"கடல்ல மட்டும் எறங்கிடாத மா. நாளு கெழமைல எங்களுக்கு பேஜாராப் பூடும்."

கொக்கிலமேடு தாண்டி மணல் வழி கிடையாது. அணுமின் நிலைய வேலி. ரோட்டுக்கு ஏறி, கல்பாக்கம் டவுன்ஷிப் ஓரமாகச் சுற்றி, சதுரங்கப்பட்டினம். தார் ரோடு முட்டிக்கு ஆகவில்லை.

லாட்ஜ் அறை. மோசஸ் போன். பால் பொங்கியதா என்று கேட்டார், கிறிஸ்தவ வீட்டில் வருஷா வருஷம் கேட்கிற அதே கேலி. நான் சிரிக்கவில்லை. "கோவம் இன்னும் கீதா?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்ப நட."

அந்த வாய்ஸ் மெசேஜை இன்னொரு தடவை கேட்டேன். லதா அனுப்பியது. அன்றைக்கு மலையில் எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்துகொண்டிருந்தவள் அவள்தான். ர.வின் ஆபீஸ்தான் அவளுக்கும், அவனுக்குக் கீழே வேலை. நாலு மாசம் வாயைத் திறக்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று காலையில் வாழ்த்துக்குப் பதில் இதை அனுப்பினாள். மலையில் அன்றைக்கு அவன் கீழே போய்ச் சேர்ந்ததும் அவளுக்குப் பேசி அனுப்பியது. பதினோரு விநாடி.

'லதா, நீ எறங்கி வந்துகினே இரு. அவங்க அங்கயே உக்காரட்டும். ஒரு தடவ நல்லா பட்டாதான் அந்த ஸ்காட்லாந்து ஆச போவும்.'

பின்னணியில் டம்ளர் வைக்கிற சத்தம்.

ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப் பொங்கல்.

வாயலூர், பாலாற்றுப் பாலம். காற்று தள்ளுகிறது. லாரி போகும்போது பாலம் அதிர்கிறது, முட்டியும். ஆற்றில் தண்ணீர் அங்கங்கே.

பாலத்தின் நடுவில் நின்று ஞாயிறு பேசவேண்டியதைச் சத்தமாகப் பேசிப் பார்த்தேன். முதல் தடவை அழுகை வந்தது. அது கூடாது. இரண்டாம் தடவை மைதானத்தில் விசிலுக்கு முன்னால் பேசுகிற குரலில். அது சரி. மூன்றாம் தடவை ஒரு கெட்ட வார்த்தை சேர்த்தேன். பைக்கில் போன இருவர் திரும்பிப் பார்த்தார்கள். கெட்ட வார்த்தை வேண்டாம், எடுத்தாயிற்று.

கொம்புக்கு வர்ணம் பூசிய மாடுகள் வழியெல்லாம். ஒன்றுக்குக் கழுத்தில் பலூன்.

கூவத்தூருக்கு முன்னால் சவுக்குத் தோப்பு. காவல்காரர் மனைவி தன் வீட்டு வாசலிலேயே டென்ட் போடச் சொன்னாள். பெயர் குப்பு. முட்டியைப் பார்த்துவிட்டு, "இத்த வெச்சிகினு இன்னாத்துக்கு நடக்கற?" என்றாள். அவளிடம் மட்டும் முழுக்கச் சொன்னேன். முன்பின் தெரியாதவளிடம் சொல்வது சுலபம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் ஒரே கேள்வி.

"அவன் பொஞ்சாதி வருவாளா?"

"தெரியல. வரலாம்."

"வந்தா நல்லாக் கேக்கட்டும். அவளாண்டயும் இன்னும் இன்னா இன்னா மறைச்சிகிறானோ."

நான் அதை யோசிக்கவே இல்லை.

ஜனவரி 17, சனி. காணும் பொங்கல்.

இன்றுதான் நீளம். கூவத்தூர் – மதுராந்தகம், 27 கி.மீ. இருக்கும். கடலை விட்டு உள்ளே. எதிரே வருகிற பஸ், வேன், ஷேர் ஆட்டோ எல்லாம் கடற்கரைக்குப் போகிற கூட்டம். எல்லோரும் எனக்குக் கையாட்டினார்கள். நான் மட்டும் எதிர்ப்பக்கம்.

11 மணி: முட்டி கொழுக்கட்டை மாதிரி. நீகேப் ஏறவில்லை.

12.30: பவுஞ்சூர். மரத்தடி. பஸ் ஒன்று நின்றது. கண்டக்டர்: "ஏறு மா, மதுராந்தகம் தானே? காலி சீட்டு கீது." படியில் ஒரு கால் வைத்துவிட்டேன். எடுத்தேன். "வேணாம் சார்." அவர் தலையில் அடித்துக்கொண்டு விசில் ஊதினார்.

கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டரில் லதா. எங்கே இருக்கிறேன், எதற்கு நடக்கிறேன் என்று மோசஸைக் கேட்டு, கூடுவாஞ்சேரியிலிருந்து அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே அழுதுகொண்டிருந்தாள்.

"டீச்சர், அந்த வாய்ஸ் மெசேஜ நாளைக்கு போடாதீங்க. அதுல என் பேரு வருது. அவர்தான் என் டீம் லீடு. வேலை போயிடும்."

"அனுப்புனது நீதானே?"

"மனசு கேக்கல, அனுப்பிட்டேன். நீங்க இப்பிடி எல்லாருக்கும் முன்னாடி…"

"லதா, அன்னிக்கி நீ என்ன எவ்ளோ தூரத்துல இருந்து பாத்துட்டு எறங்குன?"

ஹெல்மெட் பூட்டைத் திறந்து திறந்து மூடினாள்.

"சொல்லு."

"நீங்க கூப்ட்டது கேட்டுச்சு டீச்சர்."

இத்தனை மாசமாக அவனை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அறைந்துவிடுவேனோ என்று பயந்து கையைப் பை வாரில் கோத்துக்கொண்டேன்.

"நாளைக்கு நீயே எழுந்து நடந்தத சொல்லு. உன் வாயால. சொன்னின்னா நான் போட மாட்டேன்."

"என்னால முடியாது டீச்சர்."

"அப்ப நான் போடறேன்."

ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டாள். கேட்க எப்படி மனசு வந்தது. எழுந்து நடந்தேன். கொஞ்ச தூரம் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே பின்னால் வந்தாள், பிறகு சத்தம் நின்றுவிட்டது.

மதுராந்தகம், 7 மணி. ஏரிக்கரை ஓரம் கடைசி இரண்டு கிலோமீட்டர் ஒற்றைக்காலில் நடந்த மாதிரி. ஆனால் வந்துவிட்டேன். லாட்ஜ்க்காரரிடம் ஐஸ் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 18, ஞாயிறு.

4.30க்குக் கிளம்பினேன். பனி. நூறடிக்கு ஒரு தடவை நின்று நின்று. வேடந்தாங்கல் 11.10. ஏரிக்கரையில் விடுமுறைக் கூட்டம், ஐஸ்க்ரீம் வண்டி, குழந்தைகள். மரமெல்லாம் நத்தைகுத்தி நாரை.

குழு ஒரு புளியமரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருந்தது. இருபது பேர் இருக்கும். செயலாளர் சண்முகம் சார், ரிட்டயர்ட் ஆனவர், பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தட்டில் சால்வை. ர. வெள்ளைச் சட்டையில். பக்கத்தில் அவன் மனைவி, டிபன் கேரியரோடு.

என்னை முதலில் பார்த்தது அவன்தான். "அடடே, எஸ்தர் மேடம்! எதுல வந்தீங்க?"

"நடந்து. கோவளத்துல இருந்து."

யாரோ சிரித்தார்கள். பிறகு என் காலைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். பையை இறக்கினேன். போனைக் கையில் எடுத்து வாயைத் திறந்தேன். அதற்குள் பின்வரிசையிலிருந்து லதா எழுந்தாள். வரமாட்டாள் என்றே நினைத்திருந்தேன்.

"நான் ஒண்ணு சொல்லணும்." சொன்னாள். மலையில் நடந்ததை வரிசையாக. நான் கூப்பிட்டது கேட்டும் இறங்கிப் போனதை. அவன் பேசி அனுப்பியதை.

அவள் சொன்னதும் போனை உள்ளே வைத்துவிட்டேன். சத்தியமாக வைத்துவிட்டேன்.

ர. சிரித்தான். "லதாவுக்கு ஆபீஸ்ல என் மேல கோவம். அப்ரைசல்ல கொறச்சிட்டேன். அதுக்கு இங்க வந்து கதை விடுது. அப்பிடி ஒரு மெசேஜே நான் அனுப்பல. இருந்தா காட்டச் சொல்லுங்க."

லதா என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

எடுத்தேன். சத்தத்தை முழுக்க வைத்தேன். பதினோரு விநாடி. அவன் குரல், டம்ளர் சத்தம். முன்னால் இருந்தவர் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன்.

நான் பாலத்தில் பேசிப் பார்த்தது ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரே ஒரு வரி சொன்னேன். "அஞ்சு மணி நேரம் ரமேஷ். மழைல." எழுதிவிட்டேன் பெயரை. போகட்டும்.

அவன் மனைவி கேரியரை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று இரண்டு நாளாக நினைத்திருந்தேன். இல்லை. கொஞ்சங்கூட இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆண்டவரிடம் பிறகு பேசிக்கொள்கிறேன்.

சண்முகம் சார் சால்வையை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "நீ இனிமே இந்தக் குழுவுல இல்லப்பா."

அவன் சாவியை எடுத்தான். முகம் கறுத்துவிட்டது. ஆனால் என் பக்கம் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி: "என்ன பண்ணாலும் நான் போவத்தான் போறேன் மேடம். ஜூன் பத்து டிக்கெட். உங்க மேப்பும் என்னாண்டதான் கீது."

அவ்வளவு நேரம் இருந்த சந்தோஷம் அந்த ஒரு வரியில் போய்விட்டது. மோசஸ் வேனோடு வந்தார்.

ஜனவரி 20, செவ்வாய். செங்கல்பட்டு.

மேகமூட்டம். முட்டிக்கு ஸ்கேன். ஜவ்வு கிழியவில்லை, வீக்கம்தான். மூன்று வாரம் ஓய்வு, பிறகு பயிற்சி செய்யலாம் என்றார் டாக்டர். மூன்று வாரம் போதும். கணக்குப் பார்த்துவிட்டேன்.

லதா மெசேஜ்: வேறு டீமுக்கு மாற்றல் கேட்டிருக்கிறாளாம். 'மன்னிச்சிட்டீங்களா டீச்சர்?' இன்னும் பதில் போடவில்லை. யோசிக்கணும்.

ஹெச்.எம். கூப்பிட்டு டீ கொடுத்தார். முகாம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் மோசஸிடம் சொன்னேன். மே மாதம் ஸ்கூல் லீவு. அவனுக்கு ஒரு மாசம் முன்னால். தனியாக.

"வேணும்னே பண்றியா?"

"வேணும்னேதான்."

அந்தப் பாதையில் நடக்கிறவர்கள் தங்குவதற்கென்று, ஆளில்லாத கல் குடிசைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு நோட்டு இருக்கும். வருகிறவர்கள் பெயர், தேதி, இரண்டு வரி எழுதிவைப்பது வழக்கம். ஈரத்தோடு உள்ளே வருகிறவன் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு முதலில் புரட்டுவது அதைத்தான். என் மேப்பில் அவன் தங்கவேண்டிய குடிசை ஒன்பது. ஒன்பதிலும் எழுதுவேன். தமிழில். ஜூனில் அந்தப் பக்கம் தமிழ் படிக்கத் தெரிந்து வருகிறவன் அவன் ஒருவன்தான்.

'எஸ்தர், செங்கல்பட்டு. தனியாக வந்தேன். உட்காருங்கள் சார், ஆள் வரும்.'

நாளை: பாஸ்போர்ட் ஜெராக்ஸ், போட்டோ இரண்டு, கம்பளிச் சட்டை