திருப்பிய தொலைநோக்கி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டி வலி குறைந்ததா? அம்மாவுக்கு மாத்திரையை ஞாபகப்படுத்துகிறீர்களா? நான் நலம்.

இங்கே மலைமேல் வானாய்வகத்தில் ஒரு சின்னச் சண்டை, பயப்பட வேண்டாம். பேராசிரியருக்காக ஒரு கேலக்ஸியைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்துக் காமாக் கதிர் பாய்ந்ததாகச் செயற்கைக்கோளிலிருந்து தகவல் வந்தது. அதன் பின்னொளி மளமளவென்று மங்கிவிடும். அதனால், தகவல் வந்தால் பணியில் இருப்பவர் உடனே தொலைநோக்கியைத் திருப்பலாம் என்று விதியே இருக்கிறது. ஆனால் பேராசிரியரின் நேரத்தில் மட்டும் யாரும் கை வைத்ததில்லை. நான் வைத்தேன்.

“யாரைக் கேட்டு திருப்பினே?” என்று குதித்தார்.

“கேட்டுட்டு வர்றதுக்குள்ள அது அணைஞ்சிடும் சார். உங்க கேலக்ஸி நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.”

அகப்பட்டுவிட்டது அப்பா! பூமி பிறக்கும் முன்பே கிளம்பிய வெளிச்சம், என் திரையில் ஒரு பொட்டுப் போல நின்றது.

இப்போது மன்னிப்புக் கேட்டு எழுதித் தரச் சொல்கிறார். “தலைய ஆட்டிட்டுப் போயேம்மா” என்பீர்கள். இந்தத் தலை ஆடாது.

அம்மாவிடம் சொல்லிக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். போனில் பேசி முடித்ததும் உடனே வைத்துவிடாதீர்கள். நம் வீட்டு டிவி சத்தத்தையாவது கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கீழே தபால் எடுத்துப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். மன்னிப்பு எழுத அவர் கொடுத்த தாள்தான் இது. நல்ல தாள், வீணாக்க மனம் வரவில்லை.

உங்கள் வாயாடி